புரளியை நம்பிப் பொருளை இழக்கலாமா?

(வானொலி பண்ணை நிகழ்ச்சியில் பேசியது)

இந்த நேரத்தில் வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுவோம். இன்றைக்கு நான் பேசப்போவது புரளியைப் பற்றி. "விவசாய நிகழ்ச்சியில் புரளிக்கு என்னங்க வேலை?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. வயலில் புகையான் விழுந்தால் அங்கங்கே வட்டம் வட்டமாகக் காயும்; மீதியைக் காப்பாற்ற வழி உண்டு. புரளி விழுந்தால், நன்றாக விளைந்து கைக்கு வந்த பொருளே விலை போகாமல் நின்றுவிடும். 2020-ம் வருஷம் அதை நாம் கண்ணாரப் பார்த்தோம். அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம்.

கோழிக்கு வந்த வினை

2020 ஜனவரி 30-ந் தேதி, இந்தியாவில் முதன்முதலாக ஒருவருக்குக் கொரோனா நோய் கண்டிருப்பது கேரளாவில் உறுதியானது. பிப்ரவரி பிறந்ததுதான் தாமதம், கையில் போன் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் ஒரு சேதி வந்தது. "பிராய்லர் கோழியில் கொரோனா இருக்கிறது, கறியும் முட்டையும் சாப்பிடாதீர்கள்" என்று. கூடவே நோய் கண்ட கோழிகளின் படம். எந்த ஊர்க் கோழி, எந்த வருஷத்துப் படம், யார் எடுத்தது? ஒரு விவரமும் கிடையாது.

டீக்கடையில் பேச்சு எப்படி நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ஏனுங்க மாமா, கோழியில கொரோனா வந்திருக்குதாமா?"

"ஆருங்க மாப்பிள்ளை சொன்னது?"

"எங்க சித்தப்பா பையன் போன்ல அனுப்பியிருக்கானுங்க. படிச்ச பையன்."

"எதுக்கு வம்பு? இந்த ஞாயித்துக்கிழமைக்கு ஆட்டுக்கறியே எடுத்துக்கலாம்."

அவ்வளவுதான். ஒரு வாரம் கோழி வேண்டாம் என்று ஒரு வீடு நினைத்தால் அது ஒரு கிலோக் கறி. நாடு பூராவும் அப்படி நினைத்தால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிராய்லர் கோழி நெல் மாதிரி இல்லை. நெல்லுக்கு விலை இல்லையென்றால் குதிரில் கொட்டி வைத்துக் காத்திருக்கலாம். கோழிக்குஞ்சு நாற்பது, நாற்பத்திரண்டு நாளில் இரண்டு கிலோ எடைக்கு வந்துவிடும். அப்போது பிடித்து அனுப்பியாக வேண்டும். பிடிக்காவிட்டால் அது சும்மா இருக்காது, தின்றுகொண்டே இருக்கும். அந்த வயதில் ஒரு கோழி தினமும் 150 கிராமுக்குக் குறையாமல் தீனி எடுக்கும். 5,000 கோழி உள்ள பண்ணைக்கு ஒரு நாள் தீனி முக்கால் டன். ஒரு வாரம் லாரி வராவிட்டால் ஐந்து டன்னுக்கு மேல். விலையோ தினமும் இறங்குகிறது. பண்ணைக்காரர் என்ன செய்வார்?

கொள்முதல் விலை சரிந்தது. சில இடங்களில் அடக்க விலையில் பாதி கூடக் கைக்கு வரவில்லை. நாமக்கல் பக்கம் முட்டையும் தேங்கியது. கர்நாடகத்தில் பெல்காம் மாவட்டம் கோகாக் தாலுகாவில் ஒரு பண்ணைக்காரர் குழி தோண்டி, ஏறக்குறைய 6,000 கோழிகளை உயிரோடு புதைத்தார். அது 2020 மார்ச் மாதம். அந்தக் கோழிகளுக்கு எந்தச் சீக்கும் இல்லை. தீனி போடக் கட்டுப்படவில்லை, வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

'நான் கோழி வளர்க்கவில்லையே' என்று நினைக்க வேண்டாம். கோழித் தீனியில் பெரும்பங்கு மக்காச்சோளம். கோழி நின்றதும் மக்காச்சோளத்தின் விலையும் இறங்கியது. எங்கேயோ மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் போட்டவர், கோழியைத் தொட்டே பார்க்காதவர், அவரும் அந்தப் புரளிக்குக் கப்பம் கட்டினார்.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். நஷ்டப்பட்டவர்கள் அடுத்த குஞ்சு விடவில்லை. சில மாதத்திலேயே சனங்கள் பழையபடி கோழிக்கறி கேட்டார்கள், சந்தையில் கோழி இல்லை, விலை ஏறியது. ஆனால் மார்ச்சில் கோழியைக் கொட்டிக் கொடுத்தவருக்கு அந்த விலையால் என்ன பிரயோசனம்?

இதில் உண்மை எவ்வளவு?

முழுப் பொய்யை யாரும் நம்புவதில்லை. புரளிக்குள்ளே ஒரு மணி உண்மை இருக்கும். அந்த மணியைச் சுற்றித்தான் பதர் சேரும். இந்தச் சேதியில் இருந்த உண்மை என்ன?

கொரோனா என்பது ஒரே ஒரு கிருமியின் பேர் அல்ல. அது ஒரு குடும்பத்தின் பேர். அந்தக் குடும்பத்தில் கோழிக்கு மூச்சுக்குழல் நோய் கொடுக்கிற கிருமி ஒன்று உண்டு. 1931-லேயே அமெரிக்காவில் அந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பண்ணை வைத்திருப்பவர்கள் அதை 'ஐ.பி.' என்பார்கள், தடுப்பு மருந்தும் போடுவார்கள். அந்தக் கிருமி மனிதருக்கு நோய் கொடுப்பதில்லை. ஆக, 'கோழிக்கும் ஒரு கொரோனா உண்டு' என்பது நிஜம். 'அதனால் கோழி தின்றால் நமக்குக் கொரோனா வரும்' என்பது ஒட்டுப் போட்ட பொய். பங்காளி வாங்கின கடனுக்கு நம் வீட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு போன கதைதான்.

அதோடு விடவில்லை. மனிதருக்கு வந்த அந்தக் கிருமியைக் கோழிகளின் மூக்கிலேயே விட்டு, 2020-ல் சீனாவிலும் ஜெர்மனியிலும் விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். கோழிக்கு அது பற்றவே இல்லை. மத்திய அரசின் கால்நடைத் துறையும் 'கோழிக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை' என்று பிப்ரவரியிலேயே அறிவித்தது. அதே மாதக் கடைசியில் ஹைதராபாத்தில் தெலங்கானா மந்திரிகள் மேடையிலேயே கோழிக்கறி சாப்பிட்டுக் காட்டினார்கள். அதற்குள் நஷ்டம் நடந்து முடிந்துவிட்டது.

இன்னொன்றும் பாருங்கள். கோழிக்குப் பயந்தவர்கள் ஆட்டுக்கறிக் கடையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நோய் பரவியது கோழியாலா, கூட்டத்தாலா? பொய்ப் பயம் நம் முகத்தை ஒரு பக்கம் திருப்பிவிடும். நிஜ ஆபத்து மறு பக்கமாக வந்து சேரும்.

'ஆம்' எங்கே போயிற்று?

புரளி எப்படி வளர்கிறது? நம் தமிழில் ஓர் அருமையான வசதி இருக்கிறது. கண்ணால் பார்த்ததை 'வந்தது' என்போம். காதால் கேட்டதை 'வந்ததாம்' என்போம். 'ஆம்' என்ற அந்தச் சின்ன வாலிலேயே 'இது நான் பார்த்ததில்லை, பிறர் சொன்னது' என்ற செய்தி அடங்கிவிடுகிறது.

முதல் ஆள் 'கோழியில் சீக்கு வந்திருக்கிறதாம்' என்கிறார். அவரிடம் கேட்டவர் வீட்டில் போய், 'கோழியில் சீக்கு வந்திருக்கிறது' என்கிறார். வழியிலேயே 'ஆம்' உதிர்ந்துவிட்டது. மூன்றாவது ஆள், 'பக்கத்து ஊரில் நாலு பேர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள்' என்கிறார். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் 'ஆம்' குறைந்தது. ஆளுக்குக் கொஞ்சம் சேர்ந்தது. கறுப்பாக வாந்தி எடுத்தவன் கடைசியில் காக்காய் காக்காயாக வாந்தி எடுத்தான் என்ற கதை நமக்குத் தெரியாததா?

போன் வந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. வாயால் சொன்னாலாவது 'ஆம்' போடலாம். ஒரு விரலால் தள்ளிவிடுகிற சேதியில் 'ஆம்' ஏது?

அதற்கு மேல், விலை இறங்குவதே சாட்சியாகிவிடுகிறது. "ஒண்ணுமே இல்லாமலா கிலோ இவ்வளவு கீழே வந்திருக்குது? நெருப்பில்லாமல் புகையுமா?" என்பார்கள். மார்கழி மாதம் விடியற்காலையில் வயலைப் பார்த்திருப்பீர்கள். பனியும் தூரத்திலிருந்து பார்த்தால் புகை மாதிரித்தான் இருக்கும். கிட்டப் போனால்தான் நெருப்பில்லை என்று தெரியும். நாம் பயந்ததால் விலை இறங்கியது. விலை இறங்கியதால் இன்னும் பயந்தோம். செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றினோம்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். கால்நடைத் துறையில் வேலை பார்த்தவன் நான். ஐ.பி. நோயைப் பற்றி எத்தனையோ பண்ணையில் பேசியிருக்கிறேன். அந்த வாரம் வீட்டில், "எதுக்குங்க, ரெண்டு வாரம் போகட்டுமே" என்றார்கள். நானும் சரி என்று இருந்துவிட்டேன். 'நமக்கு என்ன நஷ்டம்' என்று நினைத்தேன். அந்த நஷ்டம் எனக்கு இல்லைதான். வேறொருவர் தலையில் விழுந்தது.

பயந்தவன் விற்பான்

இதெல்லாம் போன் வந்ததால் வந்த கேடு என்று நினைக்காதீர்கள். 1979-ம் வருஷம் வயது தெரிந்தவர்களுக்கு ஸ்கைலாப் ஞாபகம் இருக்கும். அமெரிக்கா 1973-ல் விண்ணுக்கு அனுப்பிய ஆய்வுக்கூடம் அது. 70 டன்னுக்கும் மேல் எடை. அது கீழே விழப்போகிறது என்பது நிஜம். 'நம் ஊர் தலையில்தான் விழும், எல்லோரும் சாகப்போகிறோம்' என்பது புரளி. 'இருக்கிற மட்டும் தின்போம்' என்று ஆடு கோழியை அடித்துத் தீர்த்தவர்கள் உண்டு, கையில் இருந்ததை வந்த விலைக்கு விற்றவர்கள் உண்டு என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1979 ஜூலை 11-ந் தேதி அது இந்து மகாசமுத்திரத்திலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கத்திலும் துண்டு துண்டாக விழுந்தது. ஒருவருக்கும் காயமில்லை. விற்ற ஆடு திரும்பி வந்ததா?

பயந்தவன் விற்பான், பயப்படாதவன் வாங்குவான். ஊரே அலறுகிறபோது குறைந்த விலைக்கு வாங்கக் காத்திருக்கிற ஆள் எங்கேயாவது இருப்பான் என்பதை மறக்கக்கூடாது.

பொருள் போனால் சம்பாதிக்கலாம்

பொருளோடு போனாலும் பரவாயில்லை. புரளி உயிரையும் குடிக்கும். 2018-ல் 'பிள்ளை பிடிக்கிற கும்பல் ஊருக்குள் இறங்கியிருக்கிறது' என்று தமிழ்நாடு பூராவும் சேதி பரவியது. மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற படமும் சுற்றியது. அந்தப் படம் பாகிஸ்தானில் கராச்சி நகரத்தில், குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்வதற்காக எடுத்த விளம்பரப் படம். கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

அந்த வருஷம் மே மாதம், சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் குலதெய்வம் கோயிலுக்குப் புறப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் வழி கேட்க நிறுத்தினார்கள். காரில் வந்த வயதான அம்மா, தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். நம் வீட்டுப் பாட்டிமார்கள் செய்கிற காரியம்தானே? 'பிள்ளை பிடிக்கிறவர்கள்' என்று கூட்டம் கூடி அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். கூட வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அடித்தவர்களும் கெட்டவர்களாகப் பிறந்தவர்கள் இல்லை. தங்கள் பிள்ளைகளுக்காகப் பயந்தவர்கள்தான். போலீஸ் வந்து பல பேரைப் பிடித்துக்கொண்டு போனது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். அன்றைக்கு ஒரு பாட்டியே பேயாகத் தெரிந்தார்.

எச்சரிக்கை வேறு, புரளி வேறு

'அப்படியானால் எதற்கும் பயப்பட வேண்டாமா?' என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கொரோனா நோய் நிஜம். பறவைக் காய்ச்சலும் நிஜம். அதே 2020 மார்ச்சில் கேரளாவில் கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்தது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த வளர்ப்புப் பறவைகளை அழித்தார்கள். அதை எதிர்த்து நிற்கக்கூடாது. நம் கோழிக்கு வராமல் காப்பதற்குத்தான் அது.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நிஜ எச்சரிக்கையில் இடம் இருக்கும், தேதி இருக்கும், சொன்னவர் பேர் இருக்கும், என்ன செய்ய வேண்டும் என்ற யோசனை இருக்கும். 'இந்த வட்டாரத்தில் பறவைக் காய்ச்சல், கோழியை வெளியே கொண்டுபோகாதே, கறியை 70 டிகிரி சூட்டில் நன்றாக வேகவைத்துச் சாப்பிடு' என்று சொல்லும். புரளியில் இவை எதுவும் இருக்காது. 'பயப்படு, பத்துப் பேருக்கு அனுப்பு' என்பது மட்டும்தான் இருக்கும்.

நம் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிட வேண்டும். பண்ணையில் கோழி திடீரென்று சாக ஆரம்பித்தால், மறைத்து ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு நாள் வெளியே தெரியும். அதற்குப் பிறகு நாம் உண்மை சொன்னாலும் சனங்கள் நம்ப மாட்டார்கள். நாம் மறைக்கிற ஒவ்வொரு உண்மையும் அடுத்த புரளிக்கு உரம்.

என்ன செய்யலாம்?

பயமுறுத்துகிற சேதி வந்தால் இந்த ஐந்தையும் செய்யுங்கள்.

ஒன்று: உதிர்ந்த 'ஆம்' என்ற வாலைத் திரும்ப ஒட்டுங்கள். நீங்கள் பார்க்காததை 'வந்ததாம்' என்றே சொல்லுங்கள். அடுத்தவர் 'வந்தது' என்றால், "நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்று கேளுங்கள். பாதிப் புரளி அங்கேயே படுத்துவிடும்.

இரண்டு: எங்கே, எப்போது, யார் என்று கேளுங்கள். 'பக்கத்து ஊரில்' என்றால் அந்த ஊரில் உங்களுக்குச் சொந்தக்காரர் இருப்பார். ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். போனில் வந்த சேதியில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியவர் உங்கள் மருமகனாகவே இருந்தாலும், சேதி அவருடையது அல்ல.

மூன்று: அதை அறிந்தவர் யாரோ அவரிடம் கேளுங்கள். கோழிக்கும் மாட்டுக்கும் கால்நடை மருத்துவர். 1962 என்ற எண்ணிலும் கேட்கலாம். பயிர் பச்சைக்கு வேளாண்மை அலுவலர். விவசாயிகளுக்கான இலவச எண் 1800-180-1551. நல்ல டாக்டராகவே இருந்தாலும் மழையைப் பற்றி அவர் சொன்னால் அது அபிப்பிராயம்தான்.

நான்கு: ஒரு ராத்திரி தள்ளிப் போடுங்கள். விற்பதோ, அழிப்பதோ, மற்றவருக்கு அனுப்புவதோ, விடிந்து செய்யலாம். நிஜ ஆபத்துக்குக் காத்திருக்கக்கூடாது என்றால், அதைச் சொல்ல அதிகாரிகள் ஊருக்கே வருவார்கள்.

ஐந்து: அந்நியர் பேரில் சந்தேகம் வந்தால் மரியாதையாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள், போலீசுக்கு 100-க்குப் போன் போடுங்கள். கை ஓங்காதீர்கள். தப்பாகச் சந்தேகப்பட்டால் மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம். தப்பாக அடித்துவிட்டால் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்.

களத்தில் நெல்லை என்ன செய்கிறோம்? காற்றில் தூற்றுகிறோம். பதர் பறந்துவிடுகிறது, மணி காலடியில் நிற்கிறது. தூற்றாத நெல்லை நாம் யாரும் மூட்டை பிடிப்பதில்லை. காதில் விழுகிற சேதியையும் அப்படியே ஒரு தரம் தூற்றிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த முறை கோழிக்கோ, முட்டைக்கோ, பாலுக்கோ, நம் ஊர்க் காய்கறிக்கோ இப்படி ஒரு சேதி வரும். வராமல் இருக்காது. அன்றைக்கு டீக்கடையில் ஒருவராவது, "நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்று கேட்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.